அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்தும் சாஃப்ட்பாலும் இரண்டையும் ஆடுவது எப்படி

குளிர்காலத்தில் கூடைப்பந்து, பனி உருகியதும் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) என்று பள்ளியில் இரண்டையும் ஆடிக்கொண்டிருக்கும் பெண், பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் எல்லாரும் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: எதை விடப்போகிறாய்? கிளப் கோச் கேட்பார், பள்ளி கோச் கேட்பார், ஊரிலிருந்து போனில் பேசும் சித்தப்பாகூடக் கேட்பார். என் மகள் எதையும் விடவில்லை. மத்திய மேற்கில் ஒரு சின்ன டிவிஷன் 3 கல்லூரியில் (கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் மூன்று பிரிவு, பெரிய அணிகள் டிவிஷன் 1-இல்) நான்கு வருடமும் இரண்டு அணிக்கும் ஆடினாள், படிப்பையும் காலத்தோடு முடித்தாள். ஆனால் அங்கே போய்ச் சேர நாங்கள் தேவையில்லாமல் ஒரு வருடம் சுற்றினோம், ஏனென்றால் யாரை என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் இப்போது நிறையப் பேர் பெண் பிள்ளைகளை விளையாட்டில் விட்டிருக்கிறீர்கள், அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

இது நடக்கிற காரியமா என்று முதலில் சந்தேகம் வரும். நடந்த காரியம்தான். 1970களில் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் இரண்டு மூன்று ஆட்டம் ஆடியது சாதாரணம். கரோல் ஹட்சின்ஸ் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தும் சாஃப்ட்பாலும் ஆடியவர், 1976-இல் தேசியப் பட்டம் வென்ற சாஃப்ட்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்). பெண்கள் கூடைப்பந்து அணியை ஆண்கள் அணிக்குச் சமமாக நடத்தவில்லை என்று சக வீராங்கனைகளோடு சேர்ந்து தன் பல்கலைக்கழகத்தின் மேலேயே வழக்குப் போட்டவரும் அவர்தான். பிறகு 1985 முதல் 2022 வரை மிச்சிகன் பல்கலைக்கழக சாஃப்ட்பால் கோச்சாக இருந்து, மொத்தம் 1,707 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். 2005-இல் அவருடைய அணி யுசிஎல்ஏவை வென்றபோது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு கல்லூரிக்கு என்சிஏஏ சாஃப்ட்பால் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. இரண்டு ஆட்டம் ஆடினால் எதிலும் உருப்பட முடியாது என்று யாராவது உங்கள் பெண்ணிடம் சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பணமும் சீசனின் நீளமும்தான். என்சிஏஏ டிவிஷன் 1-இல் பெண்களுக்கான சாம்பியன்ஷிப்புகளைத் தொடங்கியது 1981-82 கல்வியாண்டில். அதன் பிறகு ஸ்காலர்ஷிப் பெருகியது, தொலைக்காட்சி வந்தது, வருடம் முழுக்கப் பயிற்சி வந்தது. 2024-இல் பிட்சர் (பந்து வீசுபவர்) நிஜாரி கனடி ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சஸ் டெக்குக்கு மாறியபோது ஒரு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த உயரத்தில் இருக்கும் பெண்ணை குளிர்காலம் முழுக்கக் கூடைப்பந்துக்கு அனுப்ப எந்த சாஃப்ட்பால் கோச்சும் ஒப்பமாட்டார். லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) உலகத் தொடரில் 2014-இல் பையன்களுக்கு எதிராக ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பந்து வீசி ஜெயித்த மோனே டேவிஸும் கூடைப்பந்தில் ஆசை வைத்திருந்தவர்தான், கடைசியில் ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் ஆடினார். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் நல்ல முடிவுதான். ஆனால் உங்கள் பெண்ணுக்கு இரண்டும் வேண்டும் என்றால், பெரிய பெயர் உள்ள கல்லூரியைத் தேடாமல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிற கல்லூரியைத் தேடுங்கள். இதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

முதலில் காலண்டர்

டிவிஷன் 1-இல் பெண்கள் கூடைப்பந்து நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. மார்ச் முதல் வாரங்களில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் குழு) போட்டி, அதைத் தாண்டினால் ஏப்ரல் தொடக்கம் வரை தேசியப் போட்டி. சாஃப்ட்பாலோ பிப்ரவரி முதல் பாதியிலேயே தொடங்கிவிடும். குளிர் மாநிலத்து அணிகள் வார இறுதிதோறும் புளோரிடா, டெக்சஸ், அரிசோனா, கலிபோர்னியா என்று விமானம் ஏறி, ஒரு வார இறுதியில் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும். சீசனுக்கு 56 ஆட்டம் வரை ஆடலாம். கூடைப்பந்து முடித்துவிட்டு மார்ச் நடுவில் வந்து சேரும் பெண் சீசனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டிருப்பாள், அதற்குள் அவள் இடத்தில் வேறொருத்தி வேரூன்றியிருப்பாள்.

வடக்கு மாநிலங்களில் இருக்கும் டிவிஷன் 3 கல்லூரிகளில் கதையே வேறு. பிப்ரவரியில் மைதானம் பனிக்கடியில் கிடக்கும், சாஃப்ட்பால் அணி ஜிம்முக்குள் வலை கட்டி அடித்துக்கொண்டிருக்கும். முதல் ஆட்டமே பெரும்பாலும் மார்ச் மாத வசந்த விடுமுறையில் புளோரிடாவுக்கோ அரிசோனாவுக்கோ போகும் பயணத்தில்தான். அங்கே பெரும்பாலான கூடைப்பந்து அணிகளுக்கு பிப்ரவரி கடைசியில் கான்ஃபரன்ஸ் போட்டியோடு சீசன் முடிந்துவிடும். அப்படியானால் இரண்டும் மோதுவது சில வாரத்து ஜிம் பயிற்சியில் மட்டும்தான், ஒரு ஆட்டம்கூடத் தவறாது. இலையுதிர்காலமும் அப்படியே பொருந்தும்: செப்டம்பரில் சாஃப்ட்பாலுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி, அக்டோபர் நடுவில் கூடைப்பந்து. நாங்கள் முதலில் டிவிஷன் 1-ஐயே பார்த்துக்கொண்டிருந்தோம், இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எங்கள் பட்டியல் மாறியது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு சாயங்கால வேலை. ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் போன வருடத்து இரண்டு அட்டவணைகளும் இருக்கும். கூடைப்பந்தின் கடைசி ஆட்டம் என்றைக்கு, சாஃப்ட்பாலின் முதல் ஆட்டம் என்றைக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து அணி நன்றாக ஆடித் தேசியப் போட்டிக்குப் போகிற அணியா என்பதையும் பாருங்கள், போனால் மார்ச் கடைசி வரைகூட இழுக்கும். அப்புறம் இரண்டு ரோஸ்டரையும் (அணியில் இருப்பவர்கள் பட்டியல்) பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இரண்டிலும் வருகிற பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நான்கைந்து வருடத்து ரோஸ்டர் பழைய பக்கங்களில் கிடைக்கும். ஒரு பெண்ணாவது இரண்டையும் ஆடியிருந்தால் அந்தக் கல்லூரி வழி தெரிந்த கல்லூரி. அவள் ஒரு வருடம் மட்டும் இரண்டிலும் இருந்துவிட்டு அடுத்த வருடம் ஒன்றில் காணாமல் போயிருந்தால், ஏன் என்று நேரில் போகும்போது கேளுங்கள். கோச்சின் பேச்சைவிட இந்தப் பழைய ரோஸ்டர்களைத்தான் நான் நம்புவேன்.

பணம் யார் கொடுக்கிறார்கள்

டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கு என்று ஸ்காலர்ஷிப் கிடையாது, மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவிதான். இதைக் கேட்டதும் நம் வீடுகளில் முகம் சுருங்கும், எனக்கும் சுருங்கியது. ஆனால் நன்றாகப் படிக்கிற பெண்ணுக்குத் தனியார் கல்லூரிகள் தரும் மதிப்பெண் உதவி, டிவிஷன் 2-இல் பிய்த்துப் பிய்த்துத் தரும் விளையாட்டுப் பணத்தைவிடப் பல நேரம் அதிகமாகவே வரும். டிவிஷன் 2-இல் ஒரு கல்லூரி கூடைப்பந்துக்கு 10 முழு ஸ்காலர்ஷிப் மதிப்பும் சாஃப்ட்பாலுக்கு 7.2 மதிப்பும்தான் தரலாம், அந்த 7.2-ஐ இருபது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டிவிஷன் 1-இல் 2025-26 முதல், வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி நடந்த வழக்கின் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு வந்துவிட்டது: கூடைப்பந்துக்கு 15, சாஃப்ட்பாலுக்கு 25. ஒவ்வொரு இடமும் எண்ணிக் கொடுக்கிற இடம் என்பதால், பாதி சீசன் இல்லாத பெண்ணுக்கு இடம் ஒதுக்க அங்கே கோச்சுகள் முன்னைவிடத் தயங்குவார்கள் என்பது என் எண்ணம்.

என்ஏஐஏ என்ற தனி அமைப்பில் இருக்கும் சின்னக் கல்லூரிகளையும், என்ஜேசிஏஏ அமைப்பின் இரண்டு வருட ஜூனியர் காலேஜ்களையும் ஒதுக்காதீர்கள். இரண்டு ஆட்டம் ஆடுகிற பெண்களை அங்கே நிறையப் பார்க்கலாம், பல இடங்களில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் உண்டு.

பணம் இரண்டு அணியில் எந்த அணியின் கணக்கிலிருந்து வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள். பிப்ரவரியில் இரண்டு கோச்சும் ஒரே நாளில் கூப்பிட்டால், பணம் கொடுக்கிறவர் சொல்தான் நிற்கும். அதில் தப்பும் இல்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முன்பு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள், 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் எல்லாம். அதில் எந்த ஆட்டத்தின் பெயர் இருக்கிறது, காயம் பட்டால் என்ன ஆகும், ஒரு ஆட்டத்தை விட்டால் பணம் நிற்குமா என்று வரிவரியாகப் படியுங்கள்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் சில விஷயம் உண்டு. மத்திய அரசின் கல்வி உதவி குடியுரிமையோ பச்சை அட்டையோ இருந்தால்தான் பெரும்பாலும் கிடைக்கும், கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தருவது வேறு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அதாவது பாதிக் கல்லூரியில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரலாம், சீசன் நடுவில் அந்தத் தாள் வேலை வந்து நிற்காதபடி ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். 2021 ஜூலையிலிருந்து வீராங்கனைகள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது, ஆனால் எச்-4, எஃப்-1 இரண்டிலும் வேலை செய்ய உள்ள கட்டுப்பாடு இதற்கும் குறுக்கே வரும். உள்ளூர்க் கடை ஒன்று நூறு டாலருக்கு ஒரு போஸ்ட் போடச் சொன்னால்கூட, குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

கோச்சுகளிடம் பேசுவது

தேதிகள் முதலில். டிவிஷன் 1 கோச் உங்கள் பெண்ணுக்குப் பதில் எழுதுவதும் போன் பேசுவதும், சாஃப்ட்பாலில், பதினொன்றாம் வகுப்புத் தொடங்கும் வருடம் செப்டம்பர் 1-க்குப் பிறகுதான்; கூடைப்பந்துக்கான தேதியைத் தனியாகப் பாருங்கள். டிவிஷன் 2-இல் அதே வருடம் ஜூன் 15. டிவிஷன் 3-இல் மெயிலுக்கும் போனுக்கும் அப்படிப்பட்ட தடை இல்லை. பெண் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், அந்தத் தேதிக்கு முன் பதில் வரவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், அவர்களுக்கு எழுத அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

மெயிலை பெண்தான் எழுத வேண்டும், அப்பா அம்மா எழுதக்கூடாது. நான் ஒருமுறை எழுதினேன், அதற்குப் பதில் அவளுக்கு வந்தது, இனிமேல் நீயே எழுது என்று அன்பாக. முக்கியமான ஒன்று: ஒரே மெயிலை இரண்டு கோச்சுக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், தனித்தனியாக வேண்டாம். எந்த வருடம் பள்ளி முடிக்கிறாள், கூடைப்பந்தில் எந்த இடம், சாஃப்ட்பாலில் எந்த இடம், மதிப்பெண், என்ன படிக்க ஆசை, இரண்டு சின்ன வீடியோ, அப்புறம் ஒளிக்காமல் ஒரு வரி: "உங்கள் கல்லூரியில் இரண்டையும் ஆட விரும்புகிறேன், இது உங்களுக்குச் சரிப்படுமா?" இப்படி எழுதினால் பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள். அது நஷ்டம் இல்லை. அந்தப் பாதிப் பேரோடு ஆறு மாதம் பேசிவிட்டுக் கடைசியில் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு கல்லூரியின் கூடைப்பந்து கோச் போனில் "ஓ, தாராளமாக ஆடட்டும்" என்றார், மூன்று மாதம் அதை நம்பி வேறு இடங்களுக்குப் பதில் போடாமல் இருந்தோம். நேரில் போன அன்று சாஃப்ட்பால் கோச்சைப் பார்த்தால், அவருக்கு இப்படி ஒரு பெண் வருகிறாள் என்றே தெரியாது. இரண்டு பேருடைய அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். திரும்பி வரும்போது காரில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: இரண்டு கோச்சும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், அவள் முன்னால் உட்கார்ந்து பேசினால்தான் அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கும்.

அந்த அறையில் கேட்க வேண்டியவை. கூடைப்பந்து முடிந்து எத்தனை நாள் ஓய்வு தருவீர்கள்? (ஒரு வாரமாவது வேண்டும், அதை சாஃப்ட்பால் கோச் வாயால் கேளுங்கள்.) பிப்ரவரியில் ஜிம் பயிற்சிக்கு வரவில்லை என்றால் அவளுடைய இடம் என்ன ஆகும்? கூடைப்பந்து சீசனில் வாரத்துக்கு எத்தனை முறை பந்து எறியலாம், அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? கோடையில் யாருடைய உடற்பயிற்சித் திட்டம் நடக்கும், இரண்டு திட்டமா ஒன்றா? இரண்டு அணிக்கும் ஒரே அத்லெடிக் டிரெய்னரா (காயங்களைப் பார்த்துக்கொள்பவர்)? பேசி முடித்ததும் அன்று ராத்திரியே பெண் ஒரு மெயில் எழுத வேண்டும், நன்றி சொல்லி, பேசியது இதுதானே என்று நான்கு வரியில். இரண்டு கோச்சும் ஆமாம் என்று பதில் போட்டால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே எழுத்து. கோச்சுகள் வேலை மாறுவார்கள், என் மகளின் இரண்டாம் வருடத்தில் ஒருவர் மாறினார், புதிதாக வந்தவரிடம் அந்த மெயிலைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினாள்.

சாஃப்ட்பாலில் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பதும் முக்கியம். சென்டர் ஃபீல்ட், ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ் என்றால் கூடைப்பந்தில் கார்டாக (பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுபவர்) ஆடுகிறவளின் கால் வேகம் அப்படியே உதவும். இடது கையில் ஓடிக்கொண்டே தட்டி அடிக்கும் ஸ்லாப்பர் என்றால் இன்னும் நல்லது. பிட்சர் என்றால் மிகவும் கஷ்டம், 43 அடியிலிருந்து வீசும் அந்தச் சுழற்சி மாதக்கணக்கில் விட்டால் போய்விடும், குளிர்காலம் முழுக்க வீசிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்சருக்கும் சிரமம்தான், பிட்சர்களோடு பழக வேண்டிய மாதங்களில் அவள் வேறொரு ஜிம்மில் இருப்பாள். பிட்சராகவும் கார்டாகவும் இரண்டையும் கல்லூரியில் ஆட ஆசைப்படும் பெண்ணிடம் இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுங்கள்.

படிப்பு

டிவிஷன் 1, 2 என்றால் பள்ளியில் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மாதிரி என்சிஏஏ ஏற்கும் பாடங்கள்) முடித்திருக்க வேண்டும், டிவிஷன் 1-க்கு அதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் முன்பே. அந்தப் பாடங்களில் ஜிபிஏ டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்ஏடி, ஏசிடி இப்போது இந்தத் தகுதிக்குத் தேவையில்லை. நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பிரச்சினை இருக்காது, ஆனால் எந்தப் பாடம் கோர் கணக்கில் வரும் என்பதில் சறுக்குவார்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரைக் கேட்டு வைத்துவிடுங்கள்.

கல்லூரிக்குள் போன பிறகுதான் கஷ்டம். ஒரு ஆட்டம் ஆடும் பெண்ணுக்கு ஒரு செமஸ்டர் லேசாக இருக்கும். இரண்டு ஆட்டம் ஆடுகிறவளுக்கு இரண்டுமே சீசன்தான். டிவிஷன் 1-இல் சீசனில் கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரம் என்றுதான் கணக்கு, பேருந்தில் உட்காரும் நேரம் கணக்கிலேயே வராது. சாஃப்ட்பாலில் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு இரட்டை ஆட்டம் என்றால் காலை பதினொன்றுக்கே வகுப்பை விட்டுக் கிளம்ப வேண்டும், மழை பெய்தால் அது வியாழனுக்குப் போகும், வியாழன்தான் லேப்.

அதனால் மதிய லேப் இருக்கும் பாடங்களை முடிந்தவரை காலைக்கோ கோடைக்கோ தள்ளுங்கள். நர்சிங், இன்ஜினியரிங் படிக்கிற பெண் என்றால் இரண்டு கோச்சோடு சேர்த்து அந்தத் துறை ஆசிரியரையும் நேரில் போகும்போதே பார்க்க வேண்டும், கிளினிக்கல் நேரம் மாற்ற முடியுமா என்று அவர்தான் சொல்ல முடியும். என் மகள் உயிரியல். முதல் செமஸ்டரில் வேதியியல் லேபைப் புதன் மதியம் எடுத்துவிட்டு நான்கு முறை தவறவிட்டாள், இரண்டாம் வருடத்திலிருந்து காலை எட்டு மணி லேப் தவிர எதையும் எடுக்கவில்லை, ஒவ்வொரு கோடையிலும் ஒரு பாடம் முடித்தாள். செமஸ்டர் முதல் வாரத்திலேயே பயண அட்டவணையை அச்சிட்டு ஒவ்வொரு பேராசிரியரிடமும் கையில் கொடுப்பாள். பாடம் தவறிய பிறகு போய் நிற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

உடம்பு

கூடைப்பந்து காலை உழைக்க வைக்கிறது, சாஃப்ட்பால் தோளை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பந்தையே எறியாத தோள், மார்ச் முதல் வாரத்தில் புளோரிடா வெயிலில் சென்டர் ஃபீல்டிலிருந்து ஹோமுக்கு முழு வேகத்தில் எறிந்தால் என்ன ஆகும்? முதல் வருடம் என் மகளுக்கு அதுதான் ஆனது, மூன்று வாரம் பேட்டிங் மட்டும்தான் செய்ய முடிந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து கூடைப்பந்து சீசன் முழுக்க வாரம் இரண்டு நாள், பயிற்சி முடிந்து இருபது நிமிடம், 30 அடியில் தொடங்கி மெதுவாகத் தூரம் கூட்டி எறிவாள், பத்து நிமிடம் டீயில் (பந்தை நிறுத்தி வைக்கும் கம்பம்) வைத்து அடிப்பாள். தோள் பிறகு வலிக்கவே இல்லை. இதற்கு ஒரு எறியும் அட்டவணை அத்லெடிக் டிரெய்னர்களிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முழங்கால் இன்னும் பெரிய விஷயம். குதித்து இறங்கித் திரும்பும் ஆட்டங்களில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நடக்கிறது. கிழிந்தால் அறுவை சிகிச்சை, ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஓய்வு, அதாவது இரண்டு சீசனும் போய்விடும். சரியாகத் தரையிறங்கப் பழக்கும் பதினைந்து நிமிட வார்ம்அப் இந்த ஆபத்தைக் குறைக்கிறது. அதைப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள், சலிக்காமல். கோச் செய்ய வைக்கவில்லை என்றால் வீட்டுக் கூடத்தில் செய்யட்டும்.

சாப்பாடு. இதை நம் வீடுகளுக்காகவே எழுதுகிறேன். சைவம் சாப்பிடும் பெண், மாதவிலக்கு வேறு, வருடம் முழுக்க ஓட்டம் என்றால் இரும்புச் சத்து குறைவது சாதாரணமாக நடக்கிறது. சோம்பல், ஃபார்ம் போய்விட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்போம், ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) தரையில் கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சொல்லாமல் மாத்திரை கொடுக்காதீர்கள். மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுபோனால், பயிற்சி அதிகம் என்று விட்டுவிடாதீர்கள், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்பதற்கு அது அடையாளம், எலும்பில் விரிசல் வரை போகும். பேருந்துப் பயணங்களில் அணிக்கு வாங்கும் சாப்பாட்டில் சைவம் என்றால் பெரும்பாலும் சீஸ் பீட்சாதான். என் மகள் ஹாஸ்டலில் சின்ன ரைஸ் குக்கர் வைத்துக்கொண்டு (அனுமதி உண்டா என்று கேட்டுத்தான்) முந்தின ராத்திரியே கொண்டைக்கடலைச் சாதமோ தயிர்சாதமோ கட்டி எடுத்துப் போவாள். முதலில் கூச்சப்பட்டாள், ஒரு மாதத்தில் பாதி பேருந்து அவள் டப்பாவைக் கேட்டது.

தூக்கத்துக்குக் காவல் இருங்கள். டிசம்பரில் பரீட்சையும் ஆட்டமும் சேர்ந்து வரும் இரண்டு வாரமும், பிப்ரவரி கடைசியும்தான் பிள்ளைகள் உடைந்துபோகும் நேரம். அந்த வாரங்களில் போன் செய்தால் ஸ்கோரைக் கேட்க வேண்டாம். மூன்றாம் வருடம் பிப்ரவரியில் ஒரு ராத்திரி, "அம்மா, ஒன்றை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை, ஏப்ரலில் கேள் என்றேன். ஏப்ரலில் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி விடு என்றுதான் சொல்லியிருப்பேன், அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

ஐந்தாம் வருடம்

கடைசியாக ஒன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. என்சிஏஏவில் ஒரு ஆட்டத்துக்கு நான்கு சீசன் என்பது நெடுநாள் விதி, சீசன்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக எண்ணப்படும். ஆனால் கடிகாரம் ஒன்றுதான்: டிவிஷன் 1-இல் ஐந்து ஆண்டு, 2-இலும் 3-இலும் முழுநேரம் படிக்கும் 10 செமஸ்டர். காயத்தால் ஒரு வருடம் சாஃப்ட்பால் ஆடாமல் போன பெண், நான்கு வருடம் கூடைப்பந்தை முடித்துவிட்டு, ஐந்தாவது வருடம் முதுகலையில் சேர்ந்து சாஃப்ட்பால் மட்டும் ஆட வழி இருக்கலாம். முதல் மூன்று வருடம் கூடைப்பந்து மட்டும் ஆடியவள் கடைசியில் சாஃப்ட்பாலுக்கு வருவதும் இந்தக் கணக்கில்தான். இப்போது விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது உங்கள் பெண்ணுக்கும் பொருந்தும் என்று இருந்துவிடாதீர்கள். பட்டத்துக்குப் பிறகும் ஆட ஆசை இருந்தால், சாஃப்ட்பாலுக்கு 2025-இல் ஏயுஎஸ்எல் என்ற புதிய தொழில்முறை லீக் நான்கு அணிகளோடு தொடங்கியிருக்கிறது, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்பவும் வருகிறது, அந்த ஆட்டங்கள் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும். கூடைப்பந்தில் பெண்களுக்கான தொழில்முறை லீக் டபிள்யுஎன்பிஏ மிகச் சிலருக்கு, வெளிநாட்டு லீக்குகள் இன்னும் கொஞ்சம் பேருக்கு.

எதுவானாலும் மூன்றாம் வருடம் முடியும்போது விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்குப் பெண்ணையே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள்: கூடைப்பந்தில் எத்தனை சீசன் பாக்கி, சாஃப்ட்பாலில் எத்தனை சீசன் பாக்கி, செமஸ்டர் எத்தனை பாக்கி. பதிலை எழுத்தில் வாங்கி, அந்த இரண்டு கோச்சின் மெயில் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.